ஸ்பின் போடும் நிபந்தனை

கைபேசித் திரைகளில் ஒளிரும் ஓ.எல்.இ.டி.க்குள் இருப்பவை கரிமச் சேர்மங்களின் மிக மெல்லிய படலங்கள். காந்தம் ஈர்க்கக்கூடிய எதுவும் அவற்றில் இல்லை. ஆனாலும் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்கெனன்ட் குழுவினர், 2004இல் பாலிஃப்ளூரீன் பாலிமரால் ஆன டையோடு ஒன்றைக் காந்தப்புலத்தில் வைத்தபோது அதன் மின்தடை மாறியது. வெறும் 10 மில்லிடெஸ்லா புலம், அதுவும் அறை வெப்பநிலையில். மாற்றமோ 10 விழுக்காடு வரை.

கணக்குப் போட்டால் இது நடக்கவே கூடாது. அந்தப் புலத்தால், எலெக்ட்ரானின் உள்ளார்ந்த காந்தப் பண்பான ஸ்பினின் இரு நிலைகளுக்கிடையே உண்டாகும் ஆற்றல் வேறுபாடு, அறை வெப்பம் தரும் ஆற்றலில் ஏறத்தாழ 20,000இல் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய ஆற்றலால் மின்னூட்டத்தைத் தள்ளவோ நிறுத்தவோ முடியாது. ஆகவே ஸ்பின் இங்கே விசையாக வேலை செய்வதில்லை. எது எதோடு சேரலாம் என்ற நிபந்தனையாக வேலை செய்கிறது.

டையோடின் ஒரு முனையிலிருந்து எலெக்ட்ரான்களும் மறுமுனையிலிருந்து, எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான துளைகளும் மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவி வருகின்றன. எலெக்ட்ரானும் துளையும் நெருங்கி இணையானால் அவற்றின் ஸ்பின்கள் நான்கு வகையில் அமையலாம். அவற்றில் ஒன்று ஒற்றை நிலை, மூன்று மும்மை நிலைகள். சாதாரணக் கரிமச் சேர்மத்தில் ஒற்றை நிலையே ஒளி தரும். மும்மை நிலையின் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும்.

இணை இறுகுவதற்குமுன், இரண்டும் சற்றுத் தள்ளி நிற்கும்போது, இந்த நான்கு நிலைகளின் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றே. அப்போது சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் நுண்ணிய காந்தப்புலமே ஸ்பின்களைத் திருப்பி நான்கையும் கலந்துவிடப் போதும். வெளிப்புலம் அதைவிட வலுத்தால் மும்மை நிலைகளில் இரண்டு ஆற்றலில் விலகிப்போகும்; கலப்பு மீதி இரண்டுக்குள் சுருங்கும். இணைகள் பிரியும் வேகமும் சேரும் வேகமும் நிலைக்கு நிலை வேறுபடுவதால், கலப்பு மாறும்போது மின்னோட்டமும் மாறுகிறது.

ஒரே வகை மின்னூட்டங்களுக்கும் நிபந்தனை உண்டு. ஒரு மூலக்கூறில் ஏற்கெனவே எலெக்ட்ரான் அமர்ந்திருந்தால், எதிர் ஸ்பின் உடையதுதான் அதே இடத்தில் சேர முடியும். ஒரே ஸ்பின் என்றால் காத்திருக்க வேண்டும். ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய குறுகிய சாலையில் முன்னே போகும் வண்டி நின்றால் பின்னால் வருபவை தேங்குவதுபோல ஓட்டம் தடைப்படும். இணைகளால் வரும் விளைவும் இந்தத் தேக்கமும் சேர்ந்து இயங்குவதால் சில கருவிகளில் மின்னோட்டம் கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது.

அணுக்கருவுக்கு இதில் பங்குண்டு என்பதற்கு 2010இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் வர்டெனி குழுவினர் சான்று தந்தனர். ஒரு பாலிமரில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்தார்கள். வேதியியலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. டியூட்டீரியத்தின் அணுக்கருக் காந்தமோ மிக மெலிந்தது. அதற்கேற்ப, முன்னைவிடச் சிறிய புலத்திலேயே விளைவு தெரிந்தது.

திரை செய்பவர்களுக்கோ இந்த ஸ்பின் நிபந்தனை செலவுக் கணக்கு. இணைகளில் நான்கில் மூன்று வீணாவதைத் தடுக்க, 1998இல் ஃபாரஸ்ட், தாம்ப்சன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் பிளாட்டினம் கொண்ட சேர்மத்தைப் பயன்படுத்தினர். பின்னர் இரிடியம் வந்தது. கனமான அணுக்கள் ஸ்பின் விதியைத் தளர்த்தி மும்மை நிலையையும் ஒளிரச் செய்கின்றன. 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழுவினர், கன உலோகமே இல்லாமல், அறை வெப்பத்தைக் கொண்டே மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு ஏற்றிக் காட்டினர். பச்சைக்கும் சிவப்புக்கும் இரிடியம் நிலைத்துவிட்டது. நீலத்தில் மட்டும் நீண்ட நாள் உழைக்கும் அத்தகைய சேர்மத்தைச் செய்வது கடினம். அதனால் பெரும்பாலான திரைகளில் நீலம் இன்னும் பழைய நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே ஒளிர்கிறது. அதற்கான கூடுதல் மின்சாரத்தை பேட்டரி கொடுக்கிறது.