குறிஞ்சி ஏன் 12 வருஷம் காத்திருக்கிறது?

ஓம் சரவணபவ!



போன வாரம் நம்ம வாட்ஸப் குழுவில் ஒரு அக்கா கேட்டிருந்தாங்க: "ஆறு வருஷமா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன் தம்பி. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் முருகன் காதுல வாங்கவே மாட்டேங்கிறான். என் பக்தியில ஏதாவது குறையா?"

என்ன கேட்டாங்கன்னு அவங்க சொல்லல. நானும் கேட்கல. நிறைய பேர் "நல்லதே நடக்கும் அக்கா"ன்னு கைகூப்பும் எமோஜி போட்டாங்க. எனக்கு உடனே பதில் எழுத வரல. ஆனா நம்ம பழனி மலைத்தொடரிலேயே முருகன் பேரோடு சேர்ந்த ஒரு செடி இருக்கு. அதோட வாழ்க்கையைப் படிச்சப்போ, அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுக்குள்ள இருக்குன்னு தோணுச்சு. அதைத்தான் இன்னிக்கு எழுதுறேன்.

குறிஞ்சி ஆண்டவர்

கொடைக்கானல் போனவங்க குறிஞ்சி ஆண்டவர் கோவிலைப் பார்த்திருப்பீங்க. 1936-ல் கட்டப்பட்ட கோவில். கட்டியவர் லீலாவதி ராமநாதன் அம்மையார். வெள்ளைக்காரக் குடும்பத்தில் பிறந்து, நம்ம சமயத்தை ஏற்று, இலங்கையின் ஸர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். கோவில் பக்கத்தில் நின்று கீழே பார்த்தா, மேகம் விலகின நாளில் பழனி பக்கத்துச் சமவெளி தெரியும். கீழே தண்டாயுதபாணி, மேலே குறிஞ்சி ஆண்டவர். ஒரே மலைத்தொடரின் அடியிலும் உச்சியிலும் நம்ம அப்பன்தான் நிற்கிறான்.

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதன் தெய்வம் சேயோன் என்று தொல்காப்பியம் வகுத்தது. அந்த நிலத்துக்கே பெயர் கொடுத்தது இந்தச் செடிதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் குறிஞ்சியும் உண்டு. தாவரவியலில் இதற்கு ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று பெயர். நாம நீலக்குறிஞ்சி என்கிறோம். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்து 2030.

ஆறு முகம், பன்னிரு கை, 12 வருஷப் பூ. கோவில் கும்பாபிஷேகமும் 12 வருஷத்துக்கு ஒரு முறை என்பது மரபு. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து மெய்சிலிர்க்கிறவங்க உண்டு, எனக்கும் சிலிர்க்கும். ஆனா ஒண்ணு சொல்லணும். குறிஞ்சி இனத்தில் வேற வேற செடிகள் இருக்கு. சிலது வருஷா வருஷம் பூக்கும். சிலது ஆறு, ஏழு, பத்து வருஷம்னு அதுக்கான கணக்கில் பூக்கும். நீலக்குறிஞ்சியிலும் எல்லா மலைக்கும் ஒரே வருஷம் கிடையாது. 2022-ல் கர்நாடகாவின் முல்லையனகிரிப் பக்கமும் இடுக்கியின் சாந்தன்பாறையிலும் பூத்தது. அதனால "12 வருஷத்துக்கு ஒரு முறை, உடனே ஷேர் பண்ணுங்க"ன்னு வருஷா வருஷம் ஃபார்வர்டு வந்தா ஆச்சரியப்படாதீங்க. எனக்கு 12 என்ற எண்ணைவிட, அந்தச் செடி அத்தனை வருஷம் காத்திருக்கிற விதம்தான் பெரிய அதிசயமாப் படுது.

பூக்காத வருஷங்களில் என்ன நடக்குது?

விதை முளைச்ச நாளிலிருந்து பத்து, பதினோரு வருஷத்துக்கு அது வெறும் பச்சைப் புதர். சுற்றுலா வந்தவங்க பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்துட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காம போவாங்க. மழையும் பனியும் மாறி மாறி வரும். அது வேர் விடும், தண்டைக் கெட்டியாக்கும், இலையில் சமைச்ச சத்தையெல்லாம் சேர்த்து வைக்கும். பூ ஒண்ணுகூட இருக்காது.

அப்புறம் ஒரு வருஷம் ஒட்டுமொத்த சரிவும் நீலமாகும். 2018-ல் நான் கல்லூரி கடைசி வருஷம் படிச்சப்போ பார்த்தேன். ஒரு செடியைத் தனியாப் பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியாது. சரிவு முழுக்க ஒண்ணா நிக்கும்போதுதான், மலைக்கு யாரோ பட்டு சாத்தின மாதிரி இருக்கும். தேனீக்கள் கூட்டங்கூட்டமா வரும். குறிஞ்சித் தேனின் பெருமையைக் குறுந்தொகைப் பாட்டிலேயே பார்க்கலாம்.

பூத்து முடிஞ்சதும் காய் வெடித்து விதையைச் சுண்டி எறியும். தாய்ச் செடி காய்ந்து போகும். வாழை குலை தள்ளினதும் மரம் போய் கன்று நிற்கிற மாதிரி. ஆனா வாழைக்காவது அடியில் கன்று இருக்கு. குறிஞ்சி விட்டுட்டுப் போறது வெறும் விதையை மட்டும்தான். தன்கிட்ட இருந்ததையெல்லாம் ஒரே பூப்பில் கொடுத்துட்டு, ஒண்ணும் மிச்சம் வைக்காம போகும். கோவணமும் தண்டமுமா நிற்கிற ஆண்டியோட மலைக்கு இதைவிடப் பொருத்தமான பூ எது?

தினைக்கு வள்ளி காவல், குறிஞ்சிக்கு?

சரி, எதுக்கு இவ்வளவு காத்திருப்பு? வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாப் பூத்துட்டுப் போகலாமே?

நம்ம வள்ளி நாச்சியார் கதையை நினைச்சுப் பாருங்க. தினைப்புனத்தில் அம்மா என்ன வேலை பார்த்தா? பரண் மேல நின்று கவண் எறிந்து கிளியையும் குருவியையும் விரட்டினா. முருகன் தேடி வந்தது, காவல் வேலை பார்த்துக்கிட்டிருந்த ஒரு பெண்ணை. காவல் இல்லாட்டி தினை வீட்டுக்கு வராது. விதை எங்கே இருக்கோ, அங்கே அதைத் தின்ன வாயும் இருக்கும்.

காட்டில் நிற்கிற செடிக்கு வள்ளி கிடையாது. வருஷா வருஷம் அளவாகக் காய்ச்சா, தின்கிற பூச்சியும் பறவையும் எலியும் அந்த அளவுக்கே பெருகி, எல்லாத்தையும் தின்னு தீர்த்துடும். அதனால சில செடிகள் வேற வழி எடுத்திருக்கு. பல வருஷம் ஒண்ணுமே கொடுக்காது. அதை மட்டும் நம்பி எந்த உயிரும் பெருக முடியாது. பிறகு ஒரே வருஷத்தில் எல்லாச் செடியும் சேர்ந்து விதையைக் கொட்டும். தின்கிறவங்க வயிறு நிரம்பத் தின்னாலும் மிச்சம் மண்ணில் கிடக்கும். டேனியல் ஜான்சென் என்ற சூழலியல் அறிஞர் 1976-ல் மூங்கிலை வைத்து இதை விரிவா எழுதினார். குறிஞ்சியின் நீண்ட காத்திருப்புக்கும் இந்த விளக்கத்தைத்தான் அறிஞர்கள் முதலில் சொல்றாங்க.

இது சும்மா ஏட்டுக் கணக்கு இல்லை. மிசோரமில் ஒரு மூங்கில் சுமார் 48 வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பூக்கும். 1958-59-ல் பூத்தது, மறுபடி 2007-ஐ ஒட்டிப் பூத்தது. அந்த விதையைத் தின்று எலிகள் பெருகி, விதை தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கும். 1959-ல் அங்கே பஞ்சமே வந்தது. ஒரு மாநிலத்தையே எலிகள் உலுக்கிப் போட்ட அந்த வருஷங்களிலும், மூங்கில் காடு மட்டும் திரும்ப முளைத்தது. எலிகளால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை கொட்டிக் கிடந்தது.

இப்போ அக்காவோட கேள்விக்கு வர்றேன். ஒரு குறிஞ்சிச் செடி அவசரப்பட்டு ஏழாவது வருஷமே தனியாகப் பூத்துடுச்சுன்னு வைங்க. மகரந்தம் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு பூ இருக்காது. அந்த ஒரு செடிக்காகத் தேனீக் கூட்டம் மலையேறி வராது. தப்பித் தவறி விதை பிடிச்சாலும், காத்திருக்கிற வாய் விடாது. அதனால பூக்காத ஏழாவது வருஷம் அந்தச் செடிக்குத் தண்டனை இல்லை. அதுதான் அதுக்குப் பாதுகாப்பு. பூக்காத செடியைப் பார்த்து "இதுல ஏதோ குறை"ன்னு சொல்றவங்களுக்குக் குறிஞ்சியைப் பத்தித் தெரியலன்னுதான் அர்த்தம்.

அக்கா, உங்க பக்தியில குறை இல்ல. கேட்டது கிடைக்காததைத் தண்டனையா எடுத்துக்காதீங்க. அதை மட்டும் நான் உறுதியாச் சொல்வேன்.

காத்திருந்தா மட்டும் போதுமா?

வழக்கமா இந்த இடத்தில் "பொறுத்தார் பூமி ஆள்வார், அரோகரா"ன்னு பதிவை முடிச்சுடலாம். ஆனா பழனி மலையில் நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்டு அப்படி முடிக்க மனசு வரல.

குறிஞ்சி வளர்றது திறந்த புல்வெளியில், சோலைக்காட்டு ஓரத்தில். கொடைக்கானல் மேல்மலையில் ஒருகாலத்தில் இந்தப் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் இருந்தது. "சும்மா கிடக்கிற புல்லுதானே"ன்னு அதில் வாட்டில், பைன், தைல மரங்களை நட்டாங்க. விவசாயமும் ஏறியது. 1973-க்கும் 2014-க்கும் இடையே எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிடுச்சு என்பது அதன் முடிவு. நாம செல்ஃபி எடுக்கிற பைன் காடும் மனுஷன் நட்டதுதான்.

குறிஞ்சி தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சது. அவசரப்படல, கணக்குத் தப்பல. ஆனா அது விதையைக் கொட்டும்போது அந்த விதை விழுற மண் வேற யாருடையதாகவோ ஆகியிருந்தா, 12 வருஷப் பொறுமையும் வீண். தாய்ச் செடி செத்தாச்சு, விதைக்கு வெளிச்சம் இல்லை. அந்தச் சரிவில் ஒரு தலைமுறையே அதோட முடிஞ்சது.

இதனால நஷ்டம் பூவுக்கு மட்டும் இல்ல. மேல இருக்கிற புல்லும் சோலையும் மழையை வாங்கி வைத்து மெதுவா விடுது. நாம மலையேறுறதுக்கு முன்னாடி முங்கி எழுகிற சண்முகநதிக்கு அந்த மலைகளிலிருந்துதான் தண்ணி வருது. மேலே புல் போனா, கீழே பக்தன் குளிக்கிற தண்ணி குறையும்.

நாம எந்த நிலம்?

இங்கேதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. குறிஞ்சிக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதுக்குத் தேவை, நிற்க ஒரு நிலம். காத்திருக்கிற மனுஷங்களுக்கும் அப்படித்தான். "பொறுமையா இரு"ன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நிலமா இருக்கத்தான் ஆள் கம்மி.

2019-ல் நான் பி.இ. முடிச்சேன். வேலை கிடைக்கல. அடுத்த வருஷம் கொரோனா. 2021 வரைக்கும் வீட்டில்தான். சொந்தக்காரங்க போன் பண்ணினா முதல் கேள்வி "இன்னும் ஒண்ணும் அமையலையா?"தான். எங்க பெரியப்பா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்ல. கிருத்திகைக்குக் கிருத்திகை வருவார், பைக்கில் ஏத்திக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போவார், வர்ற வழியில் டீ வாங்கித் தருவார். இன்டர்நெட்டுக்கு ரீசார்ஜ் பண்ணிட்டு, "பண்ணிட்டேன்"னுகூடச் சொல்ல மாட்டார். அந்த ரெண்டு வருஷம் நான் கோடிங் படிச்சு ஒப்பேத்தினது அந்த நிலத்தில் நின்றுதான்.

நம்ம குழுவிலும் காத்திருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. குழந்தைக்கு, கல்யாணத்துக்கு, வேலைக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கு. "இன்னும் இல்லையா?"ன்னு நாம கேட்கிற ஒவ்வொரு தடவையும், அவங்க நிற்கிற புல்வெளியில் ஒரு வாட்டில் கன்னு நடுறோம். பாதயாத்திரையில் முன்பின் தெரியாதவர் காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுறோமே, எங்கே போறீங்க, எதுக்குப் போறீங்கன்னு கேட்கிறோமா? அந்தக் குணத்தை வீட்டுக்கும் கொண்டு வந்தா போதும்.

அக்காவுக்கு எப்போ கிடைக்கும், கிடைக்குமான்னு சொல்ல நான் ஜோசியன் இல்ல. கேட்டது வேற உருவத்திலும் வரலாம். ஆனா அடுத்த தைப்பூசத்துக்கு நீங்க நடக்கும்போது எங்க வீட்டிலிருந்தும் ஆள் கூட நடப்போம். அது உறுதி.

சின்னதா மூணு வேண்டுகோள்

கொடைக்கானல் போனா குறிஞ்சிச் செடியைப் பறிக்காதீங்க, பிடுங்கி வந்து தொட்டியில் வைக்காதீங்க. பூக்காத வருஷத்தில் புதரை மிதிச்சுக்கிட்டுப் போகாதீங்க, அது காத்திருக்கு. பாதயாத்திரை போறப்போ பிளாஸ்டிக் பையையும் தண்ணி பாட்டிலையும் மலையிலும் சண்முகநதியிலும் போடாதீங்க.

2030-ல் முருகன் அருளிருந்தா குறிஞ்சி ஆண்டவர் சன்னதியில் எல்லாரும் சந்திப்போம். அதுவரைக்கும், பூக்காம நிக்கிற செடிகளுக்கும் மனுஷங்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைப்போம்.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!