மதிப்பெண்ணும் உயிரும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒவ்வொரு பாடத்திற்கும் நூற்றுக்கு 35 மதிப்பெண் பெறல் வேண்டும். அதனிற் குறைந்த சிறுவன், 'யான் தோற்றவன்' என்று கலங்கி, உண்ணாது ஒடுங்கி, வாழ்வையும் வெறுக்கின்றான். பெற்றோரோ, 'எல்லாம் உன் வினை' என்று கூறிச் சினக்கின்றனர். இவ்விரண்டும் சித்தாந்தத்திற்கு ஒக்குமோ எனின், ஒவ்வா.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. செம்மலரைச் சார்ந்த பளிங்கு சிவந்து தோன்றினும், செம்மை பளிங்கின் குணமன்று. அவ்வாறே, குறைந்தது ஒரு பாடத்தின் எண்ணேயன்றி அச்சிறுவனது உயிரன்று. அதனைத் தன்னியல்பெனக் கோடல் மயக்கமேயாம்.

இனி, வந்த துன்பம் பிராரத்தமாதலின் நுகர்ந்து கழிக்கற்பாலது. அந்நுகர்ச்சிக்கண் எழும் வெகுளியும், மீண்டும் கற்கும் முயற்சியும் ஆகாமியத்தின்பாற் படுவன. ஆகலின், வினையென்று கூறி முயற்சியைக் கைவிடுதல் பொருந்தாது. துணைத்தேர்வும் அவ்வாண்டிலேயே நிகழ்கின்றது.

தோல்வியால் எழும் நாணம் கேடு பயப்பதோ எனின், அது கொள்வார் கருத்தைப் பொறுத்தது. சகலாகம பண்டிதரெனப் போற்றப்பெற்ற அருணந்தி சிவாசாரியார், தம்மினும் மிக இளையரான மெய்கண்டாரை ஆணவத்தின் இயல்பு யாதென வினவி, தாம் நின்ற நிலையே விடையாதல் கண்டு நாணினார் என்பது மரபு. அந்நாணம் அவரைக் கெடுத்திலது, அடியவராக்கிற்று. பின்னர்ச் சிவஞானசித்தியாரும் அவர்பால் தோன்றிற்று.

ஆதலின், பெற்றோர் முதற்கண் செய்யற்பாலது சினவாது உணவூட்டி அருகிருத்தலேயாம். இறைவன் வினையூட்டுவதும் உயிர் உய்தற்பொருட்டேயாயின், அவனடியார் தம் மகனை வெறுத்தல் யாங்ஙனம் பொருந்தும்?