எண்ணிக்கையும் மதிப்பும்

ஒருவரது திறமை ஊரறிய வேண்டுமெனில், முன்னாளில் வேறொருவர் அதற்குக் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. வானொலியில் பாட விரும்பியவர் குரல் தேர்வுக் குழுவினர் முன் நின்றார். எழுத விரும்பியவர் ஆசிரியரின் மறுமொழிக்குக் காத்திருந்தார். நடிக்க விரும்பியவர் கோடம்பாக்கத் தெருக்களில் செருப்புத் தேய நடந்தார். சென்னையில் 1975இல் தொலைக்காட்சி நிலையம் வந்தபோதும், 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபோதும் கதவுகள் பெருகினவே அன்றி, வாயிற்காவலர் மறைந்துவிடவில்லை.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் யூடியூப் தோன்றியது. அதில் முதலில் ஏற்றப்பட்ட படம் 19 நொடிகளே ஓடுவது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் சான் டியாகோ உயிரியல் பூங்காவில் யானைகளின் முன் நின்று ஓரிரு சொற்கள் பேசுகிறார், அவ்வளவே. எவரிடமும் அனுமதி கேளாமல் எவரும் உலகின் முன் நிற்கலாம் என்பதே அந்த எளிய படம் அறிவித்த செய்தி. 2007 முதல் விளம்பர வருவாயில் படைப்போருக்கும் பங்கு தரப்பட்டது. நீண்ட படங்களுக்கு அந்தப் பங்கு 55 விழுக்காடு. பொழுதுபோக்கு பிழைப்பாகவும் மாறும் வழி இவ்வாறு பிறந்தது.

இன்று நம் இல்லங்களில் எழும் வினா இதுதான்: படித்து முடித்த மகனோ மகளோ, “வேலைக்குப் போகவில்லை, காணொளி எடுத்துப் பிழைக்கப் போகிறேன்” என்றால், பெற்றோர் என்ன சொல்வது? ‘இதுவும் ஒரு தொழிலா?’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையான விடையாகாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் இளைஞர் சிலர், சமையலில் பழுத்த அனுபவமுடைய தம் தாத்தாவுடன் சேர்ந்து 2018இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் அலைவரிசையைத் தொடங்கினர். வயல்வெளியே அவர்களது சமையற்கூடம். அம்மியும் விறகடுப்புமே அவர்களது கருவிகள். 2021இல் அதன் உறுப்பினர் தொகை ஒரு கோடியை எட்டியது. தமிழ் அலைவரிசை எதுவும் அதற்கு முன் எட்டாத உயரம் அது. அவ்வாண்டே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு அவர்கள் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினர். எந்தத் தொலைக்காட்சியும் தேடிச் சென்றிராத ஒரு குடும்பம், தன் கைத்திறனால் தலைநிமிர்ந்து நிற்கிறது. இதைத் தொழில் அன்று என்று யார் சொல்ல இயலும்?

எனினும், வாயிற்காவலர் முற்றிலும் ஒழிந்தாரா என்பதையும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். 2018இன் தொடக்கத்தில் யூடியூப் ஒரு நிபந்தனை விதித்தது. ஆயிரம் உறுப்பினர்கள் வேண்டும். ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் விளம்பர வருவாய் இல்லை. சிறு அலைவரிசைகள் பலவற்றின் வருவாய் அன்றே நின்றது. மனிதர் காத்த வாயிலை இப்போது எண் காக்கிறது. பழைய காவலரிடம் ஓரவஞ்சனை இருந்தது உண்மையே. ஆனால் ‘இது தரமற்றது, திருத்தி எழுது’ என்று சொல்லவும் அவரால் முடிந்தது. எண்ணுக்கு அந்த நாவும் இல்லை, மனச்சான்றும் இல்லை. நேற்றைய படத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்தனர், இன்றையதை நானூறு பேர் பார்த்தனர் என்று மட்டுமே அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. அந்த மௌனத்தை அஞ்சி, குழந்தையின் அழுகையையும் கணவன் மனைவி பூசலையும் கடைச்சரக்காக்கும் நிலைக்குச் சிலர் இறங்குவதைக் காண்கிறோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு மேதை புனித தாமஸ் அக்குவினாஸ் புகழைக் குறித்துக் கூறிய கருத்து இங்கு நமக்கு உதவும். மனிதர் அறிந்துகொள்வதால் ஒன்று நல்லதாகிவிடுவதில்லை. நல்லதாக ஏற்கெனவே இருப்பதைத்தான் மனிதர் அறிய முடியும் என்பது அவரது வாதம். புகழை நாடுவதே குற்றம் என்றும் அவர் சொல்லவில்லை. அது வீண்புகழாகும் வழிகள் மூன்றினை அவர் காட்டுகிறார்: புகழுக்குத் தகுதியற்ற பொருளால் புகழ் தேடுவது, தெளிந்த தீர்ப்பு வழங்க இயலாதவரிடம் அதைத் தேடுவது, இறைமாட்சிக்கோ பிறர் நலனுக்கோ பயன்படுத்தாது புகழுக்காகவே புகழை விரும்புவது. கைப்பேசியைக் கையிலேந்தும் இளைஞர் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்க மூன்று வினாக்கள் இவற்றுள் அடங்கியுள்ளன. நான் காட்டுவது எது? யாருடைய பாராட்டுக்கு ஏங்குகிறேன்? எதன்பொருட்டு இதைச் செய்கிறேன்?

இவற்றுக்கு விடையாக ஒருவரது வாழ்வைச் சுட்டலாம். அமெரிக்காவில் நிதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய சல்மான் கான் (இந்தி நடிகர் அல்லர்) 2004இல், தொலைவிலிருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் உறவினர் பிள்ளைகள் பலர் சேரவே, 2006இல் பாடங்களைப் படமாக்கி யூடியூபில் ஏற்றினார். நேரில் கற்பதைவிட அதுவே பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. புரியாத இடத்தை வெட்கமின்றித் திரும்பத் திரும்பக் கேட்கலாம் அன்றோ? முகமறியாத மாணவர்களும் வந்து கற்றனர். 2009இல் அவர் வேலையைத் துறந்து, இலாப நோக்கற்ற ‘கான் அகாடமி’க்கே தம்மை ஒப்படைத்தார். அவர் முதலில் கண்டது எண்ணை அன்று, கணக்கு விளங்காது தவித்த ஒரு பிள்ளையை.

‘பிழைக்க வேண்டியவன் எண்ணைப் பாராதிருக்க முடியுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மளிகைக் கடைக்காரரும் இரவில் கல்லாவை எண்ணியே உறங்கச் செல்கிறார், அது பிழையன்று. கல்லா நிரம்புவதற்காகக் கலப்படம் செய்யத் துணியும்போதுதான் எண் அவருக்கு எசமானாகிறது. காணொளித் தொழிலுக்கும் அளவுகோல் இதுவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உழைத்தோர் அனைவருக்கும் கோடி பேர் வாய்ப்பதில்லை. நல்லதொரு பாடத்தை நாற்பது பேர் மட்டுமே பார்த்தனர் என்பதால் அதன் நன்மை குறைந்துவிடாது. அடுப்பெரிய வேறு வேலையும் தேடிக்கொள் என்று பிள்ளையிடம் சொல்வது விவேகம். ‘உன்னை யார் பார்க்கிறார்கள்?’ என்று எள்ளுவது கொடுமை.

திருவள்ளுவர் இல்லறவியலைப் புகழ் அதிகாரத்தோடு முடிக்கிறார். அதற்கு முந்தியது ஈகை. கொடுத்தவனைத் தேடி வருவதே புகழ் என்பதை அவ்வைப்பு முறையே நமக்கு உணர்த்துகிறது. எனவே, பெற்றோரே, ‘எத்தனை பேர் பார்த்தார்கள்?’ என்று கேட்குமுன், ‘பார்த்தவர்களுக்கு என்ன கொடுத்தாய்?’ என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, எந்தத் தொழிலில் நின்றாலும் வழி தவறுவதில்லை.