எது அந்த விமானம்?

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், கடலெனப் பரந்த கிரேட் ஸ்லேவ் ஏரியின் தென்கரையில் ஹே ரிவர் என்ற ஊரும் வடகரையில் யெல்லோநைஃப் நகரமும் இருக்கின்றன. இவ்விரண்டையும் இருப்பிடமாகக் கொண்டு, 1970ஆம் ஆண்டு முதல் பஃபலோ ஏர்வேஸ் என்னும் சிறு நிறுவனம், சாலை எட்டாத ஊர்களுக்கு விமானத்தில் சரக்குச் சுமந்து வந்திருக்கிறது. அதன் விமானங்களின் வம்சத்தை விசாரித்தால் இரண்டாம் உலகப் போரும் அதை ஒட்டிய ஆண்டுகளும் சேர்ந்த சரித்திரமே எதிரில் வந்து நிற்கும்: 1935 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த டிசி-3, அஸ்ஸாமிலிருந்து இமயத்தைக் கடந்து சீனத்துக்குப் பண்டங்கள் கொண்டுசென்ற சி-46, முற்றுகையிடப்பட்ட பெர்லின் மக்களுக்கு மாவும் நிலக்கரியும் சுமந்த டிசி-4.

எண்பது வயதை எட்டிய ஒரு டிசி-3ன் எஞ்சின்கள் எத்தனையோ முறை கழற்றி மாற்றப்பட்டவை. புரொப்பெல்லர்களும் சக்கரங்களும் புதியவை. உடலைப் போர்த்திய அலுமினியத் தகடுகளிலும் பல பின்னாளில் ஒட்டுப்போட்டவை. அவ்வாறாயின், போர்க்காலத்தில் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட விமானந்தானா இது? சட்டம் இக்கேள்விக்குச் சிரமமின்றி விடை சொல்லிவிடுகிறது: வரிசை எண் பொறித்த ஒரு சிறிய உலோகத் தகடு விமானத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது; அதுவே அதன் அடையாளம்.

பண்டைய பௌத்த நூலொன்றில் மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர் கேட்டதும் இத்தகைய கேள்விதான். இருசு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று வினவி, தேர் என்பது வழக்குக்காக இட்ட பெயரே என்று அவர் நிறுவினார். வைசேஷிக தரிசனத்தாரோ, அவயவங்களின், அதாவது உறுப்புக்களின், வேறாக அவயவி என்னும் முழுப்பொருள் ஒன்று உண்டு என்பர். ஆனால் ஓர் அவயவம் நீங்கினாலும் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றும் என்பதும் அவர்கள் சித்தாந்தமாதலால், அவர்கள் கணக்கில் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் ஒரு மரணமாகிவிடுகிறது. இவ்விரண்டும் எனக்குத் திருப்தி தரவில்லை.

நாகசேனரே வேறோரிடத்தில் கூறும் தீபத்தின் உவமை இதற்கு நெருங்கி வருகிறது. முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல. இடையறாத சந்தானம், அதாவது தொடர்ச்சி, ஒன்றே அங்கு உள்ளது. முன்னது செய்த வினையைப் பின்னது அனுபவிக்கும் என்பதே அந்தச் சந்தானத்தின் இலக்கணம். உலோகத்திலும் அப்படியே: பறக்குந்தோறும் கண்ணுக்குத் தெரியாத சோர்வு அதில் சேர்ந்துகொண்டே போய், என்றோ ஒருநாள் விரிசலாகப் பலிக்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் ஏற்றப்படாத டிசி-3ன் உடல், அழுத்தம் ஏற்றிய விமானங்களைப் போல ஒவ்வொரு பயணத்திலும் விம்மிச் சுருங்குவதில்லை. ஆதலால் அவ்வகை வினை அதற்குச் சேரவில்லை. அதன் தீர்க்காயுளுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆயினும் எண்ணெய் வார்ப்பாரின்றித் தீபம் தொடர்ந்து எரியாது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரில், எஞ்சின்களைப் போர்வையால் மூடி, வெப்பக்காற்றுச் செலுத்தி, விடியற்காலையில் உயிர்ப்பிக்கிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பராமரிப்புப் பதிவேட்டில் கையொப்பமிடுகிற பொறியாளர், தாம் பிறக்குமுன் யாரோ அடித்த ரிவெட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிறார். அந்தப் பொறுப்பு கைமாறி வருகிற வரையில் அது அதே விமானம் என்பதே என் துணிபு. தேரின் உறுப்புக்களை எண்ணிய அந்தச் சபைக்கு, அதைச் செப்பனிட்டு வந்த தச்சனையும் மிலிந்தன் அழைத்திருந்தால் அந்தச் சம்வாதம் எவ்வாறு திரும்பியிருக்கும் என்பதை அன்பர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன்.