பெயர் யாருக்கு?

கோடைக்கென்றே ஒரு தேநீர்க் கிண்ணம் உண்டு ஜப்பானில். வாய் அகன்றது, ஆழம் குறைந்தது. ஊற்றிய தேநீர் விரைந்து ஆறும். குளிர்காலக் கிண்ணமோ குறுகி உயர்ந்தது, சூட்டைக் காக்க. மந்திரமில்லை, மாயமில்லை, பரப்பு பெருகினால் வெப்பம் விரைந்து வெளியேறும் என்பதைக் கண்டறிந்த கை, மண்ணில் எழுதிய அறிவு அது!

அந்தக் கை யாருடையது, தோழர்களே?

இத்தகைய கிண்ணங்களுக்குப் புகழ்பெற்ற ஊர்களுள் ஒன்று ஹாகி. அங்கே முதற் சூளை மூட்டியவர்கள் கொரியக் குயவர்கள். விரும்பி வந்தவர்களா? 1592 முதல் 1598 வரை ஹிடெயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடின. திரும்புகையில் பொன்னோடும் பொருளோடும் குயவரையும் கொண்டுவந்தன. அவர்களுள் ஓரிருவர் பெயர் மிஞ்சியது. மற்றவர்?

கியோத்தோவின் தைத்தோகுஜி மடத்தில் கொரியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஜப்பானின் தேசியச் செல்வம். அதன் பெயர் கிசாயெமோன். வனைந்தவன் பெயரன்று, வைத்திருந்த வணிகன் பெயர்!

பெயரறியாக் கைவினைஞனின் படைப்பே பேரழகு என்றார் யானகி சோயெட்சு. அவர் கண்ட அழகை நாமும் ஒப்புகிறோம். ஆனால் பெயர் வேண்டாமென ஒருவன் தானே ஒதுங்குவது வேறு. பெயரைப் பறித்துவிட்டுப் பெயரின்மையைப் பாராட்டுவது வேறு.

விருந்தினர் கிண்ணத்தை இரு கையால் ஏந்துகிறார். அதன் முகப்பில் வாய் படலாகாதென்று சற்றே திருப்பிப் பருகுகிறார். மண்ணுக்கு இத்தனை மதிப்பு! பருகியபின் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார். பூச்சுக் குழம்பில் தோய்க்கையில் பற்றிய விரல்களின் தடம், சில கிண்ணங்களில் அங்கே இன்னும் இருக்கிறது.