கொலம்பைனுக்கு ஒரு புத்தகம்

கொலம்பைன் வளர்க்க ஆசைப்படுகிற ஒருவருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? படங்கள் நிறைந்த தோட்டக்கலைப் புத்தகங்களில் இந்தச் செடிக்கு ஒரு பத்திதான் ஒதுக்குகிறார்கள்: அரை நிழல், ஈரம் தங்கியும் நீர் தேங்காமலும் இருக்கும் மண். பொய்யில்லை. ஐரோப்பாவின் கொலம்பைன் இனமான அக்குலீஜியா வல்காரிஸுக்கு அது போதும். தானே விதை சிந்தி, தானே முளைத்துக்கொள்ளும். வயோமிங், மொன்டானா மலைகளில் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் தரையோடு ஒட்டி வாழும் ஜோன்ஸி என்ற இனத்துக்கு அந்தப் பத்தியால் பயனில்லை. தோட்டத்துக்கு வந்தால் நீலச் சாம்பல் இலைகளோடு நிற்கும். பூப்பது அபூர்வம்.

*

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளை நினைத்துக்கொள்கிறேன். கீழே, ஈரமான இடங்களில் ஃபார்மோசா இனம்: சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகவிழ்ந்த பூ, அதைத் தேடி வரும் ஹம்மிங்பேர்ட் பறவை. மேலே, காய்ந்த பாறைச் சரிவில் புபெசென்ஸ் இனம்: வெளிறி நிமிர்ந்த பூ, நீண்ட தேன்குழல், அதற்கு நாக்கு நீண்ட அந்துப்பூச்சி. இரண்டும் கலந்தால் மலட்டு விதை வருமென்று நினைப்போம். வராது. கலப்பு நன்றாகவே முளைத்துப் பூக்கும். இரண்டும் சந்திக்கும் சரிவுகளில் இடைப்பட்ட பூக்களைப் பார்க்கலாம். உயரமும் மண்ணும் தேனெடுக்க வரும் உயிரும்தான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. நிமிர்ந்த புபெசென்ஸ் பூவைக் கவிழ்த்துக் கட்டி ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்துப்பூச்சிகளின் வருகை வெகுவாகக் குறைந்துவிட்டது.

தோட்டத்தில் இந்த இனங்களை அடுத்தடுத்து நடுகிறோம். மலையில் அவற்றைப் பிரித்து வைத்திருந்தவை இங்கே இல்லை. தோட்டத்தில் எடுத்த விதையின் உறையில் எழுதியிருப்பது தாயின் பெயர் மட்டுமே. ஆகவே எனக்கு வேண்டிய புத்தகம், பூத்த செடியைக் கையில் பிடித்துக்கொண்டு உறையின் பெயரைச் சந்தேகிக்கக் கற்றுத்தர வேண்டும். தேன்குழல் எவ்வளவு நீளம், நேரா கொக்கியா, மகரந்தத் தாள்கள் வெளியே நீள்கின்றனவா, பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று.

*

தாவரவியலாளர் பேசன் 1918-இல் வட அமெரிக்கக் கொலம்பைன் இனங்களை வகைப்படுத்தினார். 1946-இல் பிலிப் மன்ஸ் பயிரிடப்படுபவை, காட்டில் உள்ளவை இரண்டையும் சேர்த்து எழுதினார். பெயரைத் தீர்மானிக்க இன்றும் உதவும் உழைப்பு. ஆனால் செடியை உயிரோடு வைத்திருக்க அதற்குமேலும் சில வேண்டும்: விதையைப் புதிதாகவே விதைப்பது, பல இனங்களுக்கு ஈரக்குளிர் காட்டுவது, ஆழமாக இறங்கும் வேரைப் பெரிதான பின் கலைக்காமல் இருப்பது.

நான் கொடுக்க நினைப்பது ராபர்ட் நோல்ட் கொலம்பைன்களைப் பற்றி எழுதிய புத்தகம். 2003-இல் டிம்பர் பிரஸ் வெளியிட்டது. கொலம்பைனின் நெருங்கிய உறவுகளான பாராக்குலீஜியாவும் செமியாக்குலீஜியாவும் அதில் உண்டு. நோல்ட் கொலராடோவில் தோட்டம் போட்டவர். நீலமும் வெள்ளையுமான கொலம்பைனை 1899-லேயே மாநில மலராக ஏற்ற மண் அது. தான் மண்ணில் வைத்துப் பார்த்த செடியைப் பற்றி ஒருவர் எழுதும்போது அந்தச் சொல்லுக்குத் தனி எடை வந்துவிடுகிறது. மழை அதிகமுள்ள ஊரில் படிப்பவர், அது வறண்ட, வெயில் காயும் ஊரிலிருந்து வரும் பேச்சு என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

*

புத்தகம் வந்த பின்னும் செடியைப் பற்றிய அறிவு வளர்ந்திருக்கிறது. தேனீயிலிருந்து பறவைக்கும் பறவையிலிருந்து அந்துப்பூச்சிக்கும் மாறும்போதெல்லாம் தேன்குழல் நீண்டிருக்கிறது என்று விட்டால், ஹாட்ஜஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். லாங்கிஸ்ஸிமா இனத்தில் அது 10 செ.மீ.யைத் தாண்டும்.

வளர்ப்பவருக்கு அவசரமான செய்தி வேறு. 2013-இல் பிரிட்டனில் கொலம்பைனைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் ஒன்று கண்டறியப்பட்டது. இலை மஞ்சளாகும், அடிப்பக்கம் வெண்பூஞ்சை படரும். அப்படிக் கண்ட செடியைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது. அதன் விதையையும் யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.