நடு இடம்

குரும்பலூரில் என் வயதுக்காரர்களுக்குப் பாட்டு வேப்பமரத்து உச்சியிலிருந்துதான் வந்தது. திருவிழா வந்தால் மைக் செட்காரர் மரத்தில் குழாயைக் கட்டுவார். காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும், கோயில் வாசலில் நிற்பவருக்கும் கேட்கும். பாட்டுக்கு இடம் வலம் உண்டு என்று அப்போது யாருக்கும் தோன்றியதில்லை.

எண்பதுகளில் திருச்சியில் ஓர் அசெம்பிள் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் வாங்கி வந்தேன். 1978இல் வந்த ‘பிரியா’ படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜேசுதாஸின் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், காலண்டர் மாட்டியிருந்த வெறும் சுவரிலிருந்து வந்தது. நம்ப முடியாமல் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தேன். எழுந்த கணத்திலேயே குரல் பக்கத்துப் பெட்டிக்குள் ஓடிவிட்டது.

மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு பெட்டியும் ஒரே குரலை ஒரே அளவில், ஒரே நேரத்தில் தந்தால், காது அதை நடுவில் நிறுத்திக்கொள்கிறது. ஒன்று கொஞ்சம் ஓங்கினால் குரல் அந்தப் பக்கம் சாயும். கேட்பவர் ஒரு பக்கம் நகர்ந்தாலும் அப்படித்தான். கிட்டே உள்ள பெட்டியின் ஒலி முந்திக்கொள்ளும். அன்றிலிருந்து அந்த நாற்காலி என்னுடையது. பாட்டு ஓடும்போது வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

போன பொங்கலுக்கு மகன் ஹோம் தியேட்டர் கொண்டுவந்தான். ஒரு ரிசீவர், டிவிக்குக் கீழே வைக்க ஒரு பெட்டி, பின்னால் இரண்டு, தரையை அதிரவைக்க ஒரு சப்ஊஃபர். “பழைய செட்ட எடுத்துரலாமாப்பா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. “அது பாட்டுக்கு இருக்கட்டும்டா” என்றாள் என் மனைவி.

எங்கள் கூடத்தில் முன்பக்கம் நாலு பெட்டி வைக்க இடமில்லை. பழைய பெட்டிகளே பாட்டுக்கும் படத்துக்கும் உழைக்க வேண்டும். இரண்டு ஆம்ப்ளிஃபையரின் ஒயரையும் அதே பெட்டிகளில் முறுக்கிவிடலாம் என்றேன். பெரம்பலூரிலிருந்து வந்த மெக்கானிக் பதறிவிட்டார். “அய்யா, ஒண்ணோட பவர் இன்னொண்ணுக்குள்ள ஏறும். ரெண்டுல ஒண்ணு புகைஞ்சிரும்.”

வழியும் அவரே சொன்னார். ரிசீவரின் ப்ரீ-அவுட்டிலிருந்து முன்பக்க இடம் வலம் சிக்னலை மட்டும் எடுத்து என் ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸில் கொடுத்தார். படம் ஓடும்போது ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவர். என் ஆம்ப்ளிஃபையர் அந்த இரண்டு பெட்டிக்கும் வலு மட்டும் கொடுக்கும். இதற்கென்றே பைபாஸ் பொத்தான் உள்ள ஆம்ப்ளிஃபையர்கள் உண்டு. அழுத்தினால் அதன் வால்யூம் விலகிக்கொள்ளும். என்னுடையதில் அது இல்லை. படம் பார்க்கும்போதெல்லாம் வால்யூம் திருகு ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பெட்டிகள் மற்றவற்றை அமுக்கிவிடும். எல்லாவற்றையும் சரிபார்த்து அவர் இடத்தைக் காட்டியதும், என் மனைவி கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவந்து அங்கே ஒட்டினாள். படத்துக்குத் திருகு பொட்டில் நிற்கும். பாட்டுக்கு ரிசீவரை அணைத்துவிட்டால் திருகு மறுபடி என் கைக்கு வரும்.

இசை வேறு, சினிமாச் சத்தம் வேறு என்று நினைத்து வாழ்ந்தவன் நான். ஸ்டீரியோ பிறந்த கதையைப் படித்தபோது அந்த நினைப்பு கலைந்தது. தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய வருஷம் 1931. ‘காளிதாஸ்’ அக்டோபர் 31இல் வெளியானது. அதே வருஷம் லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் மனைவியோடு படம் பார்க்கப் போனாராம். திரையில் நடிகர் ஒரு கோடிக்கு நடந்துபோக, குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னவர், அந்த டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942இல், ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாகக் கடைக்கு வர 1958 ஆயிற்று. நான் தனியே ரசித்த ஸ்டீரியோவின் தாய்வீடு, ஊரே கூடி உட்காரும் சினிமாக் கொட்டகைதான்.

பெரிய அரங்கில் இரண்டு பெட்டி போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1933இல் பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டனில் கேட்கச் செய்தபோது இடம், வலம், நடு என்று மூன்று வழிகளில் ஒலியை அனுப்பினார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நடுக்குரல் ஓரத்துப் பெட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் நிஜமாகவே ஒரு பெட்டி இருந்தால்தான் அது எல்லாருக்கும் நடுவில் நிற்கும். என் காலண்டர் சுவருக்கு மகன் கொண்டுவந்ததும் அப்படி ஒரு பெட்டிதான்.

முதல் படம் ஓடியபோது அடுக்களை வாசலிலிருந்து என் மனைவி சொன்னாள்: “ஏங்க, இப்பதான் பேசறது தெளிவா கேக்குது.”

அவள் வழக்கமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் இடம் அது. அங்கிருந்து இடதுபக்கப் பெட்டி இரண்டு எட்டு தூரம். அப்படியென்றால் முப்பது வருஷத்துக்கு மேலாக, நான் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் பார்த்த அந்தக் குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் பாட்டு ஓடியது, எல்லாரும் கேட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். நடு என்று ஒன்று சுவரில் இருக்கவே இல்லை. அது என் நாற்காலியில் இருந்தது. உட்கார்ந்த இடத்தையே உலகத்தின் நடு என்று நம்பியவனுக்கு, ஓரத்தில் இருப்பவருக்கு என்ன கேட்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி ரிசீவரை அணைத்துவிட்டு அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்தேன். பழைய பாட்டுதான். எனக்கு இடதுபெட்டி மட்டும் கேட்டது.

“அந்த நடுப்பெட்டிதானே பாடுது?” என்றாள்.

“அது அணைஞ்சில்ல இருக்கு.”

நம்பாமல் எழுந்துபோய் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.